சிவப்புத் துணி கட்ட இடமில்லாத மரம்

மலைநாட்டு நீள்சரக்கு ஒழுங்கமைப்பு அதிகாரசபை ஹட்டன் நகரில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்கி வந்தது. நீளமான பொருள்கள் வண்டிகளின் பின்பெட்டிக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருப்பதால் நாட்டுக்கு விளையும் தீங்கைத் தடுப்பதற்காகவே அது தோற்றுவிக்கப்பட்டது. தோன்றிய நாள் முதல் அது தன் கூட்டங்களைத் தவறாது நடத்தியது. ஒவ்வொரு கூட்டமும் மங்கல விளக்கேற்றலுடன் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்தல் ஆகியவற்றைக் கடக்கும். மீன் ரோல்ஸும் பால் தேநீரும் பரிமாறப்பட்டபின் நன்றியுரையுடன் நிறைவுறும். நீளமான பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் எஞ்சியதில்லை. எஞ்சியிருந்தாலும் பயனில்லை, உறுப்பினருள் எவரும் ஒரு மூங்கிற்கழியைக்கூட வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியவர் அல்லர்.

இப்படியோர் அதிகாரசபை இருப்பதே ஜோர்ஜுக்குத் தெரியாது. அவர் நோர்வூட்டுக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு லயத்து வரிசை வீடொன்றில் மனைவி சிசிலியுடன் வாழ்ந்தவர். ஒரு பழைய கெப் வண்டியை ஓட்டி மரக்கறி மூடையும் உர மூடையும் ஏற்றி இறக்கியவர். அந்த வண்டியின் பின்பெட்டி ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவினது. அதைவிட நீளமான எதனோடும் அது ஒத்துப்போனதில்லை.

ஆடிக் காற்று அந்த லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் வீட்டுக் கூரையைத் தூக்கிச் சென்று ஆற்றில் போட்டது. அது கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் வீடு. அழகம்மாவும் நிறைமாதமாயிருந்த அவர் மகள் வினோதாவும், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஒதுங்கினர். கூரை அமைச்சின் பொறுப்பு என்றது தோட்ட நிருவாகம். நிருவாகத்தின் பொறுப்பு என்றது அமைச்சின் அலுவலகம். இரு தரப்பும் தத்தம் கூற்றில் அசையாது நின்றன. கூரையால்தான் அவ்வாறு நிற்க முடியவில்லை.

“ஜோர்ஜு தம்பி, ஆத்துல எறங்கித் தகரம் கொஞ்சம் பொறுக்கிட்டேன்,” என்றார் அழகம்மா. “முகட்டுக்கு ஒரே நீளமா ஒரு வளை மட்டும் கொண்டாந்து குடுத்துடுங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போறப்ப, மேல பாத்தா வானம் தெரியக்கூடாது. அம்புட்டுத்தான் நான் கேக்குறது.”

“கொண்டாந்துருவோங்க்கா,” என்றார் ஜோர்ஜ்.

முகட்டு மரமான அந்த வளையின் நீளம் பதினாலடி. தோளில் சுமந்து ஏறுவதற்கு இருந்த குறுக்குப் பாதையை மழை அரித்துவிட்டது. தோட்டப் பாதையின் வளைவுகளிலோ லொறி திரும்பாது. ஆகவே, ஜோர்ஜின் கெப்பைத் தவிர வேறு வழியில்லை. நோர்வூட் மரக்கடைக்காரர் இக்ராம் மரத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, வண்டியில மரத்த ஏத்துறதா, மரத்துல வண்டிய ஏத்துறதா? அதச் சொல்லிட்டீங்கன்னா வேல லேசு.”

மரத்தின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சிசிலியையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. மூன்றாவது வளைவில் திரும்புவதற்காகப் பின்னோக்கி எடுத்தபோது, நீட்டிய முனை மண்திட்டில் இடித்தது. இடித்த வேகத்தில் மரம் முன்னோக்கிப் பாய்ந்து, சாரதியின் முதுகுப்புறக் கண்ணாடியை நொறுக்கி, ஜோர்ஜுக்கும் சிசிலிக்கும் நடுவே புகுந்து, முன்தட்டில் இருந்த அந்தோனியார் சொரூபத்தின் காலடியில் நின்றது. மரம் நடுவில் விரிசல் கண்டிருந்தது. மனிதர் இருவருக்கும் கீறலும் இல்லை.

சிசிலி சிலுவைக் குறியிட்டுக்கொண்டு மரத்துக்கு அப்பாலிருந்த கணவரை எட்டிப் பார்த்தார். “கல்யாணம் கட்டுன நாளா ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தரும் வந்ததில்ல. கடைசியில ஒரு கட்ட வந்துருச்சு.”

ஜோர்ஜ் இறங்கிப் பின்னால் சென்று பார்த்தார். “ஏய் சிசிலி, இங்க வந்து பாரேன். பின்னால ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்ல!”

மறுநாள் வண்டி சிசிலியின் தம்பி றொக்சனின் கராஜில் நின்றது.

“மச்சான், ஒடஞ்சதுக்கு நல்ல கண்ணாடி ஒண்ணு கெடக்கு. போட்டுறவா?”

“கண்ணாடி வேணாம். அந்த எடத்துல கதவு போடு.”

“முதுகுக்குப் பின்னால கதவா? எதுக்கு, அக்கா திட்டுனா அப்படியே எறங்கி ஓடுறதுக்கா?”

“மரம் உள்ள வர்றதுக்குடா!”

றொக்சன் சிரித்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சாரதி அறையின் பின்சுவரை வெட்டிச் சிறு கதவொன்றைப் பொருத்தினார். பெட்டியின் பின்கதவை மட்டமாகச் சாய்த்து, இரு புறமும் சங்கிலியால் தாங்கவிட்டார். மூடையேற்றும் நாளில் இரண்டையும் மூடிக்கொள்ளலாம்; மரமேற்றும் நாளில் இரண்டையும் திறந்துகொள்ளலாம். இக்ராம் கொடுத்த புதிய வளை அந்தோனியாரின் காலடியில் தொடங்கிப் பின்கதவின் விளிம்பில் முடிந்தது. ஒரு விரல் அளவும் வெளியே நீட்டவில்லை. குற்றம் அதுவே என்பது நோர்வூட் சந்தியைக் கடந்தபோதுதான் தெரிய வந்தது.

அதிகாரசபையின் நடமாடும் பரிசோதனைக் குழு அங்கே நின்றது. குழு என்பது மிலான் என்னும் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவையும் குறிக்கும்.

“நீட்டு மரமா ஏத்தியிருக்கீங்க?”

“ஆமா சேர்.”

“செவப்புத் துணி எங்க?”

“இந்தா இருக்கு சேர்.” ஜோர்ஜ் துணியை எடுத்துக் காட்டினார்.

“கையில வச்சிருந்தா? நீட்டிக்கிட்டு இருக்குற முனையில கட்டுங்க.”

ஜோர்ஜ் துணியுடன் பின்னால் போனார். பின்பு முன்னால் வந்தார். மீண்டும் பின்னால் போனார். “ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்லையே சேர். எதுல கட்ட?”

மிலான் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். “நீட்டு மரம்னா நீட்டணும். நீட்டு மரம் ஏத்துனா செவப்புத் துணி கட்டணும். துணி கட்டுறதுக்கு எடமில்லாம மரம் ஏத்துறது அதவிடப் பெரிய குத்தம்.”

“முன்பக்க முனை அந்தோனியாருகிட்ட இருக்கு சேர்,” என்று சிசிலி உள்ளிருந்து குரல் கொடுத்தார். “வேணுமுன்னா அவரு கழுத்துல கட்டிவிடுறேன்.”

“அக்கா, இது சட்டம். வெளையாட்டில்ல.” மிலான் சிறிது நேரம் சிந்தித்தார். அவர் கொடியவர் அல்லர். உதவும் மனம் உடையவர். “அண்ணே, ஒண்ணு செய்வோம். மரத்தக் கொஞ்சம் வெளிய இழுங்க. துணி கட்டுறதுக்கு எடம் வேணுமில்ல.”

இருவருமாக இழுத்தனர்.

“இன்னும் கொஞ்சம். பின்னால வர்றவனுக்குத் தெரியணும்.”

இன்னும் இழுத்தனர். துணி கட்டப்பட்டது, காற்றில் அழகாக ஆடியது. மிலான் மனநிறைவுடன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பின்பு வழக்கம்போல நாடாவை எடுத்து அளந்தார். அவர் முகம் மாறியது.

“அண்ணே, அனுமதிச்ச அளவுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கே!”

வண்டியும் மரமும் கைப்பற்றப்பட்டன. ஒரு குற்றம் நிகழ்ந்த இடத்திலேயே, அது நிகழ்வதற்குக் கைகொடுத்தவராலேயே, இத்துணை விரைவாகக் கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கும் நடந்திராது.

மரம் சான்றுப்பொருள் ஆகிவிட்டமையால் அதை மேல்மாடி அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மாடிப்படி நடுவில் திரும்பியது, மரம் திரும்பவில்லை. கயிறு கட்டி யன்னல் வழியாக ஏற்றினர். அறைக்குள் அடங்கிய பகுதி போக, எஞ்சிய பகுதி பிரதான வீதிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் முனையில் சிவப்புத் துணி கட்டப்பட்டமையால் சட்டம் காப்பாற்றப்பட்டது. அலுவலர்கள் தம் நனைந்த குடைகளை அதில் தொங்கவிட்டனர்.

விடியற்காலைப் பேருந்தில் ஹட்டனுக்கு வந்திறங்கிய ஜோர்ஜ், முதலில் கண்டது அந்தக் குடைகளையே. தலைவர் சுதாகரன் அவரை அழைப்பித்தார். அறையில் அவ்விருவரையும் தவிர வேறு எவரும் இல்லை.

“ஐயா, வண்டிய பொறவு பாத்துக்குவோம். மரத்த மட்டும் குடுத்துடுங்க. அங்க ஒரு புள்ளத்தாச்சி, கூரையில்லாம...”

தலைவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “பெருமதிப்புக்குரிய சபையோரே!”

ஜோர்ஜ் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார்.

“நெகிழ்வுத்தன்மையே எமது அதிகாரசபையின் உயிர்மூச்சு,” என்றார் தலைவர். “வண்டி நெகிழ வேண்டும். சரக்கு நெகிழ வேண்டும். பொதுமக்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக நெகிழ வேண்டும். நெகிழக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். அது நாம் அமர்ந்திருக்கும் நாற்காலி. இந்தச் சாரதி என்ன செய்திருக்கிறார்? எந்தப் பிரச்சினையை நாம் இத்தனை காலமும் கண்ணை இமை காப்பதுபோலக் காத்து வந்தோமோ, அந்தப் பிரச்சினையை எம்மிடம் ஒரு வார்த்தை கேளாமல் தீர்த்துவிட்டார்! எந்தச் சரக்கும் வெளியே நீட்டாது என்றால், ஒழுங்கமைப்பதற்கு எமக்கு எது எஞ்சும்? ஆயினும் நாம் பெருந்தன்மை உடையோர். இவ்வண்டியை எமது அதிகாரசபையின் கண்டுபிடிப்பாக ஏற்றுக்கொள்ள முடிவு செய்துள்ளோம். கல்லுமலையிலேயே நெகிழ்வு வார விழா நடைபெறும். நன்றி, வணக்கம்.”

அவர் அமர்ந்தார். கைதட்டவேண்டியவர் தாம் ஒருவரே என்பது ஜோர்ஜுக்குச் சற்றுத் தாமதமாக விளங்கியது. தட்டினார்.

“அப்ப மரம், ஐயா?”

“கவலை வேண்டாம். சான்றுப்பொருளை முழுமையாகப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காக இன்று அதை அலுமாரிக்குள் வைக்கப் பணித்துள்ளேன். அலுமாரி சிறியது. ஆகவே, ஒன்றாக இருந்த உமது மரம் மாலையில் மூன்றாக இருக்கும்.”

ஜோர்ஜ் வீடு திரும்பி இதை விவரித்தார். சிசிலி சொன்னார்: “மூணா வெட்டிட்டாங்களா? இப்ப அத எந்த வண்டியிலயும் ஏத்தலாம். இதத்தான் நெகிழ்வுங்கிறாங்க போல.”

அந்த வாரத்தில் வினோதா பெண் குழந்தை பெற்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையுடன் திரும்பியபோது பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைய இயலவில்லை. விழாவுக்கு வரும் விருந்தினர் இளைப்பாறுவதற்கென்று அதற்கு வர்ணம் பூசியிருந்தனர். மழை ஈரத்தில் அந்த வர்ணம் காய மறுத்தது. சிசிலி தம் ஒற்றை அறையில் இடம் ஒழித்துக் கொடுத்தார். நால்வர் படுக்கும் அந்த அறையில் குழந்தை இரவும் பகலும் அழுதது. “அவளுக்குத் தன் வீடு வேணுமாம்,” என்றார் அழகம்மா.

ஹட்டனிலோ வேறொரு நெருக்கடி. விழாவுக்கு நினைவுப் பலகை வைக்க வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாய்க்கே பெயர்ப்பலகை வைக்கும் மலைநாட்டில் பலகை இல்லாத விழா நடைபெறாது. ஆயின், எவர் பெயருக்குக் கீழே எவர் பெயரை எழுதுவது? தம் பெயர் பிறிதொரு பெயருக்குக் கீழே வருவதை உறுப்பினர் எவரும் ஏற்கவில்லை. நீண்ட விவாதத்தின்பின் உயரிய தீர்வொன்று பிறந்தது: எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் பொறிப்பது. மும்மொழிக்கும் சம உரிமை உண்டாதலால் ஒரு மொழிக்கு ஒரு பலகை. இவ்வாறு, மரச்சட்டத்தில் தகரம் அறைந்த மூன்று பலகைகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், பதினாலடி நீளம்.

அதிகாரசபையின் சொந்த வாகனத்தில் ஏற்றியபோது பலகைகளின் பாதி வெளியே நீட்டியது. விதிப்படி முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். முனையில் இருந்ததோ பொருளாளரின் பெயர். தம் பெயரில் அபாயத் துணி தொங்குவதைப் பொருளாளர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, வைத்தியசாலையில் படுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார். வேறு வழியின்றி ஜோர்ஜின் வண்டி விடுவிக்கப்பட்டது. பலகைகள் சரக்கல்ல, கௌரவம் என்றும், கௌரவத்தை ஏற்றிக்கொண்டு மேலே செல்வதற்கு மட்டும் ஒருவழி அனுமதி வழங்கப்படுகிறது என்றும் அனுமதிப்பத்திரம் எழுதப்பட்டது.

விழா நாளன்று தலைவர் சிசிலியின் இருக்கையில் அமர்ந்தார். அவருக்கும் ஜோர்ஜுக்கும் நடுவே மூன்று பலகைகளும் செங்குத்தாக நின்றன. தமிழ்ப் பலகை தலைவரின் பக்கம் இருந்தது. அதில் முதலாவது அவர் பெயரே. வழி நெடுகிலும் அவர் அதை வாசித்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, எனக்கு அந்தப் பக்கம் தெரியல. வளைவுல பஸ் ஏதும் வருதா, பாத்துச் சொல்லுங்க.”

“என் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ விடுபட்டிருக்கிறது,” என்றார் தலைவர்.

பேருந்து அலறிக்கொண்டு ஓரமாக விலகியது.

லயத்தின் முன் வெளியில், கூரையற்ற தொங்கல் வீட்டுக்கு எதிரே மேடை போட்டிருந்தனர். மற்ற உறுப்பினர்களும் மிலானும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் வாகனத்தை விட்டு நடந்து வந்து சேர்ந்தனர். காற்றில் மங்கல விளக்கு பற்றவில்லை. ஒவ்வொருவராக முயன்று தோற்றபின், அது ஏற்றப்பட்டதாகக் கருதப்பட்டது. பின்னர் தலைவர் பேசினார்.

“தோட்டப் பெருமக்களே! எமது அதிகாரசபை தோன்றுவதற்கு முன்பு நீளமான பொருள்கள் எவர் அனுமதியும் இன்றிப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அந்த இருண்ட காலத்துக்கு நாம் முற்றுப்புள்ளி வைத்தோம். இதோ, என் எதிரே கூரையில்லாத ஒரு வீட்டைக் காண்கிறேன். நெகிழ்வுத்தன்மைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? வெயில் வேண்டிய நாளில் வெயில். நிலவு வேண்டிய நாளில் நிலவு...”

“மழைய விட்டுட்டாரே,” என்றார் அழகம்மா, அருகில் நின்ற சிசிலியிடம்.

விடுபட்ட மழை அக்கணமே வந்தது. லயத்து மக்கள் தத்தம் வீடுகளுக்குள் ஓடினர், வாசல்கள் நிரம்பின. அதிகாரசபையினர் பிள்ளைக் காம்பராவை நோக்கி ஓடினர். முதலில் சாய்ந்தவரின் வெள்ளைச் சட்டையில் பச்சை வர்ணம் முழு முதுகும் ஒட்டியதைக் கண்டு திரும்பி ஓடினர். தலைவர் ஜோர்ஜின் வண்டிக்குள் பாய்ந்தார். அதிகாரசபையின் கண்டுபிடிப்பான அந்தச் சிறு கதவு திறந்தபடி இருந்தமையால் மழையும் அவருடனேயே உள்ளே நுழைந்தது. எஞ்சியது தொங்கல் வீடு. அதற்குச் சுவர்களாவது இருந்தன.

“பலகைகளைக் கொண்டு வாருங்கள்!” என்று அந்த வீட்டின் நடுவே நின்று தலைவர் கூவினார். “எம் தலைக்கு மேலே பிடியுங்கள்!”

றொக்சனும் லயத்து இளைஞர்களும் பலகைகளைத் தூக்கி வந்து சுவர்மேல் வைத்தனர். பின்சுவரில் தொடங்கிய பலகைகள் அறையைக் கடந்து, முன்திண்ணையான இஸ்தோப்பின் விளிம்புக்கு அப்பால் சிறிது நீட்டி முடிந்தன. ஒன்றின் விளிம்பில் மற்றொன்றை ஏற்றி வைத்தனர். எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே என்பதை அன்று மழைநீர் ஓடும் திசை தீர்மானித்தது. எந்த உறுப்பினரும் எதிர்க்கவில்லை.

அழகம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரியவில்லை. “காத்துல தூக்கிரும் சேர்,” என்றார் மிகுந்த பணிவுடன். “ஆணி அடிச்சாத்தான் நிக்கும். அடிச்சிறட்டுங்களா?”

“அடியுங்கள்! பலமாக அடியுங்கள்!”

றொக்சன் அடித்தார். கராஜில் எந்த வேலையையும் அவர் அத்துணை உற்சாகமாகச் செய்ததில்லை. ஓரங்களில் எஞ்சிய இடைவெளிகளை, ஆற்றில் பொறுக்கிய தகரங்களால் அடைத்தனர். அதிகாரசபையினர் கீழே அமர்ந்து, தம் பெயர்களை அண்ணாந்து வாசித்தபடி மீன் ரோல்ஸ் உண்டனர். ஒரு துளியும் ஒழுகவில்லை.

மழை விட்டதும் தலைவர் எழுந்தார். “நல்லது. பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றுங்கள். விழாவை ஹட்டனில் தொடர்வோம்.”

எல்லாரும் ஜோர்ஜைப் பார்த்தனர். ஜோர்ஜ் சட்டைப்பையைத் தடவினார், மெய்யாகவே குழம்பிப்போயிருந்தார். “ஐயா, பேமிட்டு மேல வர்றதுக்கு மட்டும்தானே. கீழ கொண்டு போனா மிலான் சேர் புடிப்பாரே?”

தலைவர் மிலானைப் பார்த்தார். மிலான் அனுமதிப்பத்திரத்தை இருமுறை வாசித்தார். “புடிக்கத்தான் வேணும் சேர். கீழ எறக்குறதுக்குச் சபைக் கூட்டத்துல தீர்மானம் எடுக்கணும்.”

“அதுவரை?”

“அதுவரைக்கும் இருக்குற எடத்துலயே பத்திரமா இருக்கணும் சேர். அதுதான் சட்டம்.”

“அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக இதனை எடுத்துக்கொள்வோம்,” என்று தலைவர் அறிவித்தார்.

அதன்பின் அதிகாரசபை பல முறை கூடிவிட்டது. விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, மீன் ரோல்ஸ், நன்றியுரை ஆகியவை செவ்வனே நடைபெறுகின்றன. பலகைகளைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் எஞ்சவில்லை.

தொங்கல் வீட்டில் அடுப்பு எரிகிறது. அடுப்புக்கு நேர்மேலே தலைவரின் பெயர். புகையேறி அது கருத்துவிட்டது. பொருளாளரின் பெயர் இஸ்தோப்புக்கு மேலே காற்றோட்டமாக இருக்கிறது. அதன்கீழ்ச் சேலைத் தொட்டிலில் கிடந்து குழந்தை அழுதுகொண்டிருந்த ஒரு நாள், மிலான் மூச்சிரைக்க மலையேறி வந்தார். பலகைகள் பத்திரமாக உள்ளனவா என்று பார்த்தார். பின்பு வழக்கம்போல நாடாவை எடுத்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை அளந்தார்.

“அளவுக்குள்ளதான் இருக்கு,” என்றார் நிம்மதியுடன். “ஆனா துணி இல்லையே, அழகம்மாக்கா.”

பையிலிருந்து புத்தம் புதிய சிவப்புத் துணியை எடுத்தார். பொருளாளரின் பெயரில் தாமே இறுகக் கட்டினார். வணக்கம் சொல்லி இறங்கிப் போனார்.

துணி காற்றில் படபடத்தது. குழந்தை அதைப் பார்த்தது, அழுகையை நிறுத்தியது. அதிகாரசபை தோன்றிய நாள் முதல் அதனால் ஓர் அழுகை நின்றது அதுவே முதன்முறை.